கதவு கேட்டோம், முகாம் நடத்தினார்கள்

எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்த கதையை நான் என் பிள்ளைகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பாதியில் என் குரல் ஏறிவிடும். "ஏம்மா சண்டைக்கு நிக்கிற மாதிரி பேசுறீங்க?" என்பார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குரல் ஏறினால் யாருக்கும் கேட்காது.

கண்டியிலிருந்து கெலிஓயாப் பக்கமாகப் போகும் பஸ் பாதையில் எங்களுடையது ஒரு சின்னப் பட்டணம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சந்தைக்குப் பின்னால், பஸ் நிலையத்தின் பின்மதிலை ஒட்டி லைன் வீடுகள். தெரு கூட்டுகிற, சாக்கடைக் கான் சுத்தம் செய்கிற, குப்பை வண்டி தள்ளுகிற குடும்பங்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை. அப்பா வண்டி தள்ளினார். அம்மா சந்தையைக் கூட்டினார். பள்ளிக்கூடத்தில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் "சந்தைக்குப் பின்னால" என்று மட்டும் சொல்வோம். கேட்டவர்களுக்கு அதுவே போதும். அடுத்த கேள்வி வராது.

லைனுக்கெல்லாம் பொதுவாக ஒரு குளிக்கிற இடம் இருந்தது. சீமெந்துத் தொட்டி, அதன் மேல் ஒரு குழாய், மூன்று பக்கமும் ஆளுயரச் சுவர். நாலாவது பக்கத்தில் ஒரு காலத்தில் கதவு இருந்திருக்க வேண்டும். சுவரில் கீல் இருந்த துரு மட்டும் மிச்சம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அங்கே கதவைப் பார்த்ததில்லை. அந்தத் திறந்த பக்கத்துக்கு நேரெதிரே பஸ் நிலையத்தின் பின்மதில். மதிலில் ஒரு இடம் இடிந்திருந்தது. பஸ்காரர்கள் அதில் உட்கார்ந்துதான் சிகரெட் பிடிப்பார்கள்.

கதவு போட்டுத் தரச் சொல்லி லைன் ஆட்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை ஆட்கள் வந்து அளந்தும் போனார்களாம். அளந்ததோடு சரி. அதனால் பெண்கள் விடியுமுன்னே குளித்தார்கள், இல்லாவிட்டால் நன்றாக இருட்டிய பிறகு. பகலில் குளித்தே ஆக வேண்டுமென்றால் இன்னொருத்தி சேலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். மதிலில் இருக்கிறவர்கள் சொல்வதையெல்லாம் நிற்கிறவள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதில் கூடுதலாக ஒரு கஷ்டம் இருந்தது. நான் ஹொக்கி விளையாடினேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விளையாட்டு டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தத்தில் வீட்டை விட்டு வந்தவர். கண்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போனார். எங்கள் மைதானம் முழுக்கச் சரளைக்கல்லும் செம்மண்ணும். அதில் அவர் பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஹொக்கி அணியை உண்டாக்கினார். பந்து வரும்போது கண்ணை மூடாத ஒரே பிள்ளை என்று என்னைக் கோலில் நிறுத்தினார்.

"உமக்குப் பயமில்லையோ?" என்று கேட்டார்.

"பந்துக்கு என்னத்துக்கு டீச்சர் பயப்படணும்?" என்றேன்.

அந்த விளையாட்டு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்பது இப்போது யோசித்தால் விளங்குகிறது. பிறந்ததிலிருந்து "கொஞ்சம் ஒதுங்கி நில்லு" என்று கேட்டே வளர்ந்தவள் நான். கடையில் ஒதுங்கு, கோயிலில் ஒதுங்கு, பஸ்ஸில் ஒதுங்கு. கோலில் மட்டும் வழிமறித்து நிற்பதுதான் என் வேலை. நான் ஒதுங்கினால்தான் ஏசுவார்கள்.

மழை நாளில் விளையாடினால் தலைமுதல் கால்வரை சேறாகிவிடும். வீட்டுக்கு வந்தால் குளிக்க முடியாது. இருட்டும்வரை காய்ந்த சேற்றோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன். முழங்கால் சிராய்ப்புகளில் மண் இறுகிப்போய், கழுவும்போது தோலோடு சேர்ந்து வரும். ஒருமுறை புண் சீழ் வைத்து, பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட வேண்டியதாயிற்று. கட்டுப் போட்ட நர்ஸ், காயம் பட்டவுடன் கழுவத் தெரியாதா என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் புலமைப்பரிசில் செய்தியோடு வந்தார். கண்டியில் வசதியானவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு அறக்கட்டளை. விளையாட்டு, சங்கீதம், நாடகம் என்று ஏதாவதொன்றில் கெட்டித்தனம் உள்ள பிள்ளைகளுக்குத் தேவையான சாமான், பயிற்சி, பிரயாணம் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பதிலுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊருக்கு ஏதாவதொரு சமூக வேலை செய்ய வேண்டும். அதற்கும் அவர்களே கைகொடுப்பார்கள்.

நேர்முகத்துக்கு டீச்சர் என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போனார். பளபளவென்று மெழுகிய பலகைத் தரை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கேள்வி கேட்டது ஒரு பெண்மணி, அறக்கட்டளையின் வேலைகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர், கண்டியில் பெரிய வியாபாரக் குடும்பம், எங்களைப் போல இந்திய வம்சாவளித் தமிழர்தான். ஆனால் எங்களைப் போல அல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹொக்கியைப் பற்றி ஒரேயொரு கேள்விதான் கேட்டார். மிச்சம் எல்லாம் வீட்டைப் பற்றி. அப்பா குடிப்பாரா? அம்மாவை அடிப்பாரா? ஒரே அறையில் எத்தனை பேர் படுப்பீர்கள்? எனக்கு முன்னால் போன, வயலின் வாசிக்கிற டவுன் பிள்ளையிடம் இதெல்லாம் கேட்கவில்லையாம். வெளியே காத்திருந்தபோது அவளே சொன்னாள், வயலினைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று. என் அப்பா குடிப்பதில்லை என்றதும் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது.

"சரி மகள், உங்க சமூகத்துக்கு என்ன செய்யப் போறீங்க?"

"கதவு போடணும் மேடம்."

மூவரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, அன்பாகத்தான். நான் குளிக்கிற இடத்தைப் பற்றி விளக்கினேன். மதிலைப் பற்றிச் சொன்னேன். முழங்காலைக்கூடக் காட்டினேன். "கதவும், ஒரு லைட்டும் போதும்" என்றேன். மூவரில் வயதான ஐயா ஒருவர் தலையாட்டி, மிகவும் நல்ல யோசனை என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. கதவும் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லியும் விட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை. அம்மாவோடு சந்தையில் வேலை செய்பவர், புருசன் இல்லாதவர், அவர் வாய்க்கு லைனே பயப்படும். அவர் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பந்து தடுக்கிற புள்ள எங்க மானத்தையும் தடுத்து நிப்பாட்டிட்டா!" என்று சத்தம் போட்டார்.

சாமான்கள் வந்தன. புது ஸ்டிக், தலைக்கவசம், காலுக்குக் கட்டுகிற தடித்த பேட். அதுவரை கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு கோலில் நின்றவள் நான். அந்தப் பேட்டைக் கட்டிக்கொண்டு நின்றபோது இனி லொறி வந்தாலும் தடுப்பேன் என்றிருந்தது. அந்தப் பள்ளித் தவணையில் எங்கள் அணி மாகாணப் போட்டிக்குத் தெரிவானது.

பிறகு அந்த அறக்கட்டளை அம்மா எங்கள் லைனைப் பார்க்க வந்தார். கூட ஒரு போட்டோக்காரர். டீச்சரும் வந்திருந்தார். என் அம்மா வேலை முடிந்து அப்போதுதான் வந்து, முகம் கழுவி, நல்ல சேலை மாற்றிக்கொண்டு நின்றார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா கிண்ணத்தை வாங்கி, நன்றி சொல்லி, ஜன்னல் கட்டையில் வைத்தார். போகும்வரை அது அங்கேயே இருந்தது.

குளிக்கிற இடத்தைப் படம் எடுக்கும்போது என்னிடம், "நீங்க கொஞ்சம் இப்பிடித் தள்ளி நில்லுங்க மகள்" என்றார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நீ வேலைக்குப் போற சீலையக் கட்டிக்கிட்டு வா. வெளக்குமாத்தையும் எடு. கான் பக்கமா நில்லு" என்றார்.

எனக்கு நீங்க. என்னைப் பெற்றவளுக்கு நீ.

அம்மா உள்ளே போய் அழுக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். போட்டோ என்றால் சிரிக்க வேண்டும் என்ற பழக்கத்தில் வாயோரம் லேசாக விரிந்தது.

"சிரிக்காத. சும்மா நில்லு."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுத்து முடிந்ததும் அந்த அம்மா என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "மகள், கட்டட வேலைக்கு நாங்க உதவி குடுக்கிறதில்ல. அது எங்க கொள்கை."

"கதவு கட்டடமா மேடம்?"

"கதவு, கூரை எல்லாம் கட்டடத்துக்குள்ளதான் வரும். அத செய்ய வேற ஆக்கள் இருக்காங்க. நாங்க மாத்தப் பாக்கிறது மனுசரோட மனச. இங்க முதல்ல தேவ சுகாதாரப் பழக்கம். கை கழுவுறது, சோப் போடுறது, சுத்துப்புறத்தச் சுத்தமா வச்சிக்கிறது. ஒரு விழிப்புணர்வு முகாம் வைப்போம். நீங்களே முன்னுக்கு நின்னு உங்க ஆக்களுக்குச் சொல்லிக் குடுங்க."

"எங்க ஆக்கள்தான் மேடம் இந்த டவுனையே சுத்தம் பண்றாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். டவுனச் சுத்தம் பண்றாங்க. தங்கட இடத்தப் பாருங்க."

லைனை ஒட்டிக் குவிந்து கிடந்தது சந்தைக் குப்பை. லொறி வரும்வரை கொண்டுவந்து கொட்டுகிற இடம் அது. எங்கள் வீடுகளின் குப்பை அதில் ஒரு கூடைகூடத் தேறாது. இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வந்திருந்த வான் வண்டியில் ஏறிவிட்டார்.

அன்று டீச்சரை பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன்.

"இப்ப ஓம், சரி எண்டு சொல்லும் பிள்ளை" என்றார். "மாகாணப் போட்டி முடியட்டும். பிறகு பாப்பம்."

எனக்கு உச்சிமண்டை கொதித்தது. "நீங்க சொல்லுவீங்களா டீச்சர்? ஒங்க அம்மாகிட்ட போயி, கை கழுவப் பழகுங்கன்னு சொல்லுவீங்களா?"

பஸ் வந்து நின்றது. அவர் படியில் கால் வைத்தபடி, "என்ர அம்மா அகதி முகாமில இருக்கிறா. அவவுக்குக் கை கழுவத் தண்ணியே இல்லை" என்றார். பஸ் போய்விட்டது.

அவரிடம் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மற்றவர்கள் மேலிருந்தது ஏறியது. மறுநாள் நான் டீச்சரிடம் போய், முகாம் வைப்பதென்றால் வைக்கட்டும், நான் முன்னால் நின்று பேசமாட்டேன் என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை.

முகாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சந்தை கூடுகிற நாள். பெண்கள் விடியுமுன்னே போய் வேலை செய்துவிட்டு, இடுப்பு ஒடிய வந்து, கொண்டுவந்து போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். பின்னால் இரண்டு கம்பங்களில் பெரிய நீலத் துணிப் பதாகை. மூன்று மொழியிலும் "சுகாதார விழிப்புணர்வு முகாம்" என்று எழுதி, அறக்கட்டளையின் சின்னமும், பணம் கொடுத்தவர்களின் பெயர்களும்.

பேச வந்தவர் ஓர் இளைஞர். படிக்கிற பையன், நல்லவன்தான், பயந்துபோயிருந்தான். கையில் சோப்பைத் தேய்த்து, விரல் இடுக்குகளை எப்படிக் கழுவ வேண்டும் என்று செய்து காட்டினான். நுரை பொங்கியது. குழாயைத் திருகினான். காற்றுத்தான் வந்தது.

"தம்பி, தண்ணி சாயந்தரம்தான் வரும்" என்றார் அத்தை. "அதுவரைக்கும் கைய அப்பிடியே வச்சிக்கிட்டு இருங்க."

லைனே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். அம்மா உள்ளே போய்க் குடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினார். அறக்கட்டளை அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒவ்வொரு சோப்பைக் கொடுத்துவிட்டு, பதாகையை அப்படியே விட்டுவைக்கச் சொல்லிப் புறப்பட்டார். "எல்லாரும் தினமும் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார்.

வான் திரும்பியதோ இல்லையோ, அத்தை அந்தத் துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல தடிச்ச துணி. வெளிய நின்னா உள்ள ஒண்ணும் தெரியாது."

அவ்வளவுதான். அவிழ்த்து, குளிக்கிற இடத்தின் வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் பயிற்சி முடிந்து சேற்றோடு வந்தேன். வெயில் இருந்தது. மதிலில் ஆட்கள் இருந்தார்கள். நான் பதாகையை விலக்கி உள்ளே போய், இழுத்து மூடிக்கொண்டு, தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். யாரும் எனக்காக வெளியே நின்று ஏச்சுக் கேட்கவில்லை. பகல் வெளிச்சத்தில் என் முழங்காலை நான் நன்றாகப் பார்த்துக் கழுவியது அன்றுதான். துணியில் வெயில் பட்டு, எழுத்துகள் உள்பக்கம் இடம்வலம் மாறித் தெரிந்தன. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல குளியலறைகளில் குளித்திருக்கிறேன். அந்தக் குளியல் மாதிரி ஒன்று இல்லை.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். முகாமின் பலனைக் காட்டுவதற்காகக் கொழும்பிலிருந்து இரண்டு பெரிய மனிதர்களையும் கூட்டி வந்திருந்தார். நான் அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்ததால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். பதாகை தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்தவர்களின் பெயர்களுக்கு மேலே ஒரு உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன இது!" என்று அந்த அம்மா துணியைப் பிடித்து இழுக்கப் போனார்.

"ஏய், யாரு அது? உள்ள ஆளு குளிக்குது!" என்று அத்தையின் குரல் பாய்ந்து வந்தது.

கையைச் சுட்டுக்கொண்டவர் போல விட்டுவிட்டார். வந்த பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "இதுல எங்க நிறுவனத்தோட பேர் இருக்கு. தெரியுதா உங்களுக்கு? பேர் இருக்கு!"

அத்தை தலையில் துண்டோடு வெளியே வந்தார். "பேரு இருந்துட்டுப் போவட்டும் மேடம். நாங்க அதுக்கு ஒண்ணும் பண்ணலியே. பெரிய ஒதவி. ஒங்களாலதான் இப்ப பகல்ல குளிக்கிறோம்." அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். உண்மையான நன்றியோடுதான் சொன்னார். ஆனால் அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்த நன்றி வேறு.

அந்த வாரமே பள்ளிக்கூடத்துக்குச் செய்தி வந்தது. என் புலமைப்பரிசில் நிறுத்தப்பட்டது. பெற்ற உதவியை மதிக்கத் தெரியவில்லை, சமூக வேலையில் ஒத்துழைக்கவில்லை என்பது காரணம். சாமான்களை எடுத்துப் போக வானும் வந்தது. நேரே மைதானத்துக்கே வந்தது. நான் கோலில் நின்றுகொண்டிருந்தேன். மாகாணப் போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, நடு மைதானத்தில் குனிந்து பேட்டின் பட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். தலைக்கவசத்தைக் கழற்றினேன். ஸ்டிக்கையும் வைத்தேன். டிரைவர் பாவம், என் முகத்தைப் பார்க்காமல், "எனக்குச் சொன்னத செய்றேன் நங்கி" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. நான் அழவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாயிருக்கும். எதையாவது அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது. அடிக்க ஸ்டிக்கும் இல்லை.

டீச்சர் அன்றே அறக்கட்டளை ஒபிசுக்குப் போய்ச் சண்டை போட்டார். மறுநாள் வந்து, "கதவு கேட்ட பிள்ளைக்கு நன்றி தெரியாதாம்" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினார். யாரும் பேட் இரவல் தரவில்லை. கடைசியில் ஒரு ஆண்கள் பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட்காரர்கள் காலுக்குக் கட்டுகிற பழைய பேட் கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு போட்டிக்குப் போனேன். தலைக்கவசம் இல்லாமல், கிரிக்கெட் கால்பேட்டோடு கோலில் நிற்க விடமுடியாது என்று நடுவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். எங்கள் அணி கோல்கீப்பர் இல்லாமலே ஆடியது. நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தும் உள்ளே போவதைப் பார்த்தேன். அதில் பாதியையாவது நான் தடுத்திருப்பேன். மாகாண அணிக்கு ஆள் தெரிவு செய்கிறவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த வருசம் எனக்கு வயது தாண்டிவிட்டது.

பதாகையையும் அவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். அதை இழந்த பிறகு லைன் பெண்களால் பழையபடி இருக்க முடியவில்லை. அத்தை ஒவ்வொரு வீடாக ஏறி, இனி யாரையும் கேட்பதில்லை, நாமே போடுவோம் என்றார். கெலிஓயாவில் உடைத்த வீடுகளின் மரச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. முதலாளி முஸ்லிம் ஆள். அத்தையும் அம்மாவும் நானும் போனோம்.

"எத்துக்கு மகள் கதவு?" என்று கேட்டார். சொன்னோம். அவர் உள்ளேயிருந்து ஒரு பலாமரக் கதவை இழுத்து வந்தார். "இது ஒரு பங்களாட கதவு. ஆன குத்தினாலும் ஒடயாது. கொண்டு போங்கொ. சல்லியப் பொறகு பாத்துக்கொள்ளலாம்."

லொறி பெரிய ரோட்டில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து பெண்கள் நாலு பேர் தலையில் துணி வைத்து, சந்தை வழியாக அதைச் சுமந்து வந்தார்கள். சந்தையே திரும்பிப் பார்த்தது. அப்பா கீல் அடித்தார். அத்தை உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, போட்டு, திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் என் கோபமும் ஒருவேளை ஆறியிருக்கும்.

அடுத்த வருசம் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அறக்கட்டளை கண்டியில் ஒரு படக் கண்காட்சி வைத்திருப்பதாகவும், நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். என்ன படம் என்று கேட்டதற்கு, "நான் சொல்லமாட்டன். நீங்களே போய்ப் பாருங்கோ" என்றார்.

அம்மாவும் நானும் போனோம். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, பையைக் கிளறி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். கண்காட்சிக்கு என்றால் நம்பவில்லை. மீண்டும் கேட்டார்கள்.

மண்டபத்தில் சுவர் முழுக்கப் படங்கள். வயலின் வாசிக்கிற பிள்ளை வயலினோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சுவரில் என் அம்மா. அழுக்குச் சேலை, விளக்குமாறு, கான். சிரிப்பை அடக்கிய வாய். பக்கத்தில், அதே அளவில், எங்கள் பலாமரக் கதவு. எப்போது வந்து எடுத்தார்களோ தெரியாது. இரண்டுக்கும் கீழே ஒரே வாசகம்: எங்கள் முகாமுக்கு முன், எங்கள் முகாமுக்குப் பின்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "என்னாடி போட்டிருக்கு?" என்றார். சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் நேரே நடந்து போனார்.

"அது என் படம். என்னயக் கேக்காம மாட்டியிருக்கீங்க. கழட்டுங்க."

அந்த அம்மாவுக்கு முதலில் ஆளை அடையாளம் தெரியவில்லை. நல்ல சேலையில் இருந்ததாலாக இருக்கலாம். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "ஒரு நல்ல விசயத்துக்குத்தானே வச்சிருக்கோம்..." என்று இழுத்தார்.

"நல்ல விசயம்னா ஒங்க அம்மா படத்த மாட்டுங்க."

என் அம்மா அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சத்தம் போடவில்லை. சந்தையில் விலை சொல்வது போலச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அந்த அம்மா ஒரு பையனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவன் வந்து படத்தைக் கழற்றினான்.

"கதவையும் கழட்டுங்க" என்றேன் நான்.

"அதுல யாரும் இல்லையே மகள்" என்றார் அவர், அதே அன்பான குரலில். "அது வெறும் கதவு."

அப்போதுதான் என் குரல் ஏறியது. இன்றுவரை இறங்காத குரல் அதுதான். இந்தக் கதவை இவர்கள் போடவில்லை, நாங்கள் போட்டோம், இவர்கள் கொண்டுவந்தது ஆளுக்கொரு சோப் என்று தமிழில் கத்தினேன். பிறகு சிங்களத்தில் கத்தினேன். ஆங்கிலத்தில் சொல்ல அன்று எனக்கு வார்த்தை வரவில்லை. நின்று கேட்டவர்கள் சிலர். ஒரு சிங்களப் பெண் என் பக்கம் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். மற்றவர்கள் மெதுவாக அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். காவலாளி வந்து, வெளியே போகச் சொன்னார். கதவின் படம் சுவரிலேயே இருந்தது. அதன் கீழிருந்த எழுத்தும் இருந்தது.

வெளியே வந்து பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தோம். அம்மா ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் திரும்பினார். வேண்டாம் என்றேன். அவர் கேட்காமல் இரண்டு பேருக்கும் சோறு சொன்னார். இலையில் பருப்பும் மரவள்ளிக் கறியும் அப்பளமும் வந்தன. அவர் சேலைத் தலைப்பு நனையாமல் இடுப்பில் செருகிவிட்டு, பசியோடு பிசைந்து சாப்பிட்டார்.

"சாப்புடு" என்றார். "நீ பட்டினி கெடந்தா அவளுக்கு என்னா நட்டம்?"

அவள் என்றுதான் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சோற்றில் கை வைத்தேன். அம்மா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.